புரட்கோணம்: ‘திசை’ என்ற ஒரு சொல் போதாது

மதிப்புக்குரிய அன்பர்களுக்கு,

சுழலும் எறியத்தின் (எறியப்பட்டுப் பறக்கும் பொருளின்) நிலையைக் காந்த உணரிகளால் அளக்கும் முறைக்குக் ‘காந்தத் திசையளவை’ என்ற பெயர் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. கிழக்கு நோக்கிப் பறக்கும் பீரங்கிக் குண்டு தன் நெட்டச்சை, அதாவது மூக்கிலிருந்து வால்வரை செல்லும் நீள அச்சை, சுற்றியும் சுழல்கிறது. அதன் மூக்கு எங்கே பார்க்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தக் கணத்தில் அதன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. ‘திசை’ என்ற சொல் முதற்கேள்விக்கு மட்டுமே பொருந்தும்.

155 மில்லிமீற்றர் குண்டொன்று குழலைவிட்டு வெளியேறும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 250 தடவை சுழலக்கூடும். சுடப்படும் கணத்தில் அது தாங்கும் ஆர்முடுகலோ (முடுக்கமோ) புவியீர்ப்பு ஆர்முடுகலின் பத்தாயிரம் மடங்கையும் தாண்டிவிடும். அசையும் பாகம் எதுவுமில்லாத சிறிய காந்த உணரி இதற்கெல்லாம் ஈடுகொடுக்கிறது. அச்சுக்குக் குறுக்காகப் பொருத்தப்பட்ட உணரி ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அலையைத் தருகிறது. சுழற்சியின் மீடிறனும் (செக்கனுக்கு எத்தனை சுற்று என்பதும்), குண்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதும் அந்த அலையிலேயே கிடைக்கின்றன.

அட்டனில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இதைக் காட்டுவதற்காக, காந்தமானியுள்ள கைத்தொலைபேசியை ஒரு பீ.வீ.சீ. குழாய்க்குள் நீளவாக்கில் இறுக்கி, தகரக் கூரைகளுக்கு எட்டத்தில் மைதானத்தின் நடுவே வைத்துச் சுழற்றினேன். குழாயைக் கிழக்கு மேற்காகப் பிடித்தபோது குறுக்கச்சின் அளவீடு கூட்டலிலும் கழித்தலிலும் சுமார் 40 மைக்ரோ தெஸ்லா வரை அழகாக ஏறி இறங்கியது. வடக்குத் தெற்காகத் திருப்பியதும் அலை தட்டையாகிவிட்டது. இலங்கை காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே புவிக்காந்தப் புலம் ஏறக்குறைய கிடையாகவே வடக்கு நோக்கி ஓடுகிறது. சுழலச்சு அதனோடு ஒத்துப்போனால் குறுக்கு உணரிக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. இம்முறையின் பெருங்குறை இதுவே. ஆகவே அச்சுக்கும் புலத்துக்கும் இடைப்பட்ட கோணத்துக்கும் தனிச்சொல் வேண்டும். ‘காந்தச் சாய்வு’ என்றால், புவிக்காந்தப் புலம் கிடைத்தளத்தோடு அமைக்கும், தமிழக நூல்கள் ‘காந்தச் சரிவு’ என்று குறிப்பிடும் கோணத்தோடு அது குழம்பும். ‘அச்சுப்புலக் கோணம்’ என்பதில் அந்த இடர் இல்லை.

இனி, முதன்மையான சொல்: குண்டு தன் நெட்டச்சைச் சுற்றி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைக் காட்டும் கோணத்தின் (roll angle) பெயர். அதை ‘உருட்கோணம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் உருளுவது என்பது தரையில் பட்டு இடம்பெயர்வது. படுத்திருப்பவர் பாயைவிட்டு நகராமல் மறுபக்கம் திரும்பினால் ‘புரண்டு படுத்தார்’ என்கிறோம். நீண்ட உடல் தன் நெட்டச்சைச் சுற்றித் திரும்புவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. எனவே ‘புரட்கோணம்’ என்பதை முன்மொழிகிறேன். மூக்கின் நோக்கையும் புரட்கோணத்தையும் சேர்த்துக் குறிக்க ‘திசையமைவு’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘கிடக்கை’ என்பதை நான் முதலில் பெரிதும் விரும்பினேன். எனினும் எங்கள் பாடநூல்களில் ‘கிடை’ வேறு பொருளில் வேரூன்றிவிட்டதால் அதைக் கைவிட்டேன்.

ள்-கரம் ட்-கரமாவது மாணவருக்குக் கடினம் என்று சிலர் தயங்கக்கூடும். ‘புரட்சி’ என்ற சொல்லை அவர்கள் நாள்தோறும் எழுதுகிறார்கள். அதுவும் இதே ‘புரள்’ என்ற வேரிலிருந்து வந்ததுதான்.