"எது சார் சரியான விடை?" இரு மாறிச் சமன்பாட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது?

புதுச்சாக்பீஸ் கேட்டது:

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒரு மாறிச் சமன்பாடு வரை பிள்ளைகள் நன்றாகவே வந்தார்கள். 3எக்ஸ் + 5 = 20 என்று கொடுத்தால் மளமளவென்று பக்கம் மாற்றி 5 என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில் இரு மாறிகளுக்குப் போனேன். பலகையில் எக்ஸ் + ஒய் = 10 என்று எழுதியதும் நாலைந்து குரல், "அஞ்சு, அஞ்சு!" 4, 6 கூட வருமே என்றேன். "அப்ப எது சார் சரியான விடை?" என்று ஒருவன் எழுந்தான். எல்லாமே சரிதான் என்றதும், நான் என்னவோ ஏமாற்றுகிறேன் என்பது போலப் பார்த்தார்கள். ஒரு பெண் இன்னும் ஒரு படி மேலே போய், "5, 5 வரவே வராது சார், வேற வேற எழுத்துன்னா வேற வேற எண்தானே" என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

அட்டவணை போடச் சொன்னால் போடுகிறார்கள். வரைபடத்தாளில் கோடும் ஒழுங்காகத்தான் வருகிறது. அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சில்லை. "நீக்கல் முறைக்குப் போயிடுங்க, மார்க்காவது வரும்" என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஒருவர். இரண்டு சமன்பாட்டைச் சேர்த்து ஒரு மாறியை ஒழித்து விடை காண்கிற முறை அது. எனக்கு மனசு வரவில்லை. முதல் எடுத்துக்காட்டாக எதைக் கொடுக்கலாம்? வரைபடத்தை முதலிலேயே காட்டுவதா, கடைசியிலா?

நேர்கோடு எழுதியது:

வெறும் எழுத்தைக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஒட்டாது சார். கதைக்கணக்கில் ஆரம்பியுங்கள். கோழியும் முயலும் கலந்து நிற்கின்றன, தலை 35, கால் 94, எது எத்தனை? சீனாவின் பழைய கணித நூலிலேயே இருக்கிற கணக்கு இது. இரண்டு தெரியாத எண்கள், இரண்டு தகவல்கள். இரண்டு சமன்பாடு ஏன் தேவை என்பது தானாகப் புரிந்துவிடும்.

பழைய கரும்பலகை எழுதியது:

தம்பி, அந்தப் பையன் எழுந்து கேட்டானே, அதுதான் இந்தப் பாடம் முழுவதும். இதுவரை அவன் பார்த்த எல்லாச் சமன்பாட்டிலும் எழுத்துக்குப் பின்னால் ஒரே ஓர் எண் ஒளிந்திருந்தது. பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. இப்போது அதே எழுத்தைக் காட்டி, "இது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் கூட இருப்பவரைப் பொறுத்து" என்கிறோம். அவன் சந்தேகப்படாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

முதலில் அந்த எக்ஸ் + ஒய் = 10ஐ அழியுங்கள். எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எக்ஸை முதலிலும் ஒய்யை அடுத்தும் எழுதினால், (3, 7) சரி, திருப்பிப் போட்ட (7, 3)உம் சரி. அப்புறம் வரிசைச் சோடியில் வரிசை எதற்கு என்று பிள்ளைக்கு எப்படி உறைக்கும்? 2எக்ஸ் + ஒய் = 12 என்று எழுதுங்கள். (3, 6) போட்டால் 12 வருகிறது. (6, 3) போட்டால் 15. முதல் இடமும் இரண்டாம் இடமும் வேறு என்று நீங்கள் வாய் வலிக்கச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே இன்னொரு லாபம், (4, 4) இதில் தேறும். உங்களிடம் சண்டைக்கு வந்த பெண்ணுக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். வகுப்பில் யாராவது (4, 4) என்று சொல்வார்கள், அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"தீர்வு காண்க" என்று அன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பிள்ளை ஒரே விடையைத் தேடித்தான் ஓடும். "இந்தச் சோடி தேறுமா, தேறாதா?" அவ்வளவுதான் கேள்வி. சமன்பாடு என்பது ஒரு சோதனை, எண்களைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கிறோம், தேறுகிறது அல்லது தேறவில்லை. இந்தப் பார்வை படிந்துவிட்டால் பல விடைகள் இருப்பது யாரையும் உறுத்தாது.

அடுத்து, ஆளுக்கொரு சோடி. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. இந்த ஒரு விதி போதும், மீதியை வகுப்பே பார்த்துக்கொள்ளும். (0, 12), (1, 10), (2, 8), (3, 6), (4, 4), (5, 2), (6, 0). குறையில்லா முழு எண்களில் ஏழே ஏழுதான். எட்டாவது பிள்ளை எழுந்து திருதிருவென்று முழிக்கும். தயவுசெய்து அப்போது உதவிக்குப் போகாதீர்கள். கொஞ்ச நேரம் வகுப்பு அமைதியாக இருக்கும், எங்கிருந்தோ ஒரு குரல், "மிஸ், மைனஸ் போடலாமா?" என்று வரும். (7, −2) கிடைக்கும். இன்னொருவன் (−1, 14) என்பான். கதவு திறந்துவிட்டது. பிறகு அரை, கால் எல்லாம் வரும். (1/2, 11) என்று முதலில் சொல்கிற பிள்ளைக்கு நான் கைதட்டச் சொல்வேன். முடிவில்லாத தீர்வுகள் என்று புத்தகத்தில் ஒரே வரியில் கிடப்பதை, எட்டாவது பிள்ளையின் சங்கடத்தில் இருந்துதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

வரைபடம் முன்னா பின்னா என்று கேட்டீர்கள். அதே பாடவேளையில், அதே சோடிகளோடு. சுவரில் ஒரு பெரிய வரைபடத்தாளை ஒட்டி, அவரவர் சோடியை அவரவரே வந்து குறிக்கட்டும். நேர்கோடு வரும் என்று முன்கூட்டிச் சொல்லி ருசியைக் கெடுக்காதீர்கள். ஏழெட்டுப் புள்ளி விழுந்ததும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். எப்படியும் ஒரு புள்ளி விலகி நிற்கும். யாரோ (5, 2)ஐ (2, 5) என்று வைத்திருப்பார்கள், அல்லது கோடுகளுக்கு எண் போடாமல் கட்டங்களுக்கு எண் போட்டு எண்ணியிருப்பார்கள். நீங்கள் திருத்த வேண்டாம். "இது ஏன் தனியா நிக்குது?" என்று மட்டும் கேளுங்கள்.

இப்போதுதான் கோடு என்ன சொல்கிறது என்ற விஷயம். தேறிய சோடிகள் கோட்டில் விழுகின்றன என்பதை எல்லாப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளும். மறுபக்கம்தான் யாருக்கும் தெரியாது: கோட்டில் உள்ள எந்தப் புள்ளியும் தேறும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். (1, 10)க்கும் (2, 8)க்கும் நடுவில் கோட்டில் விரலை வைக்கச் சொல்லி, அந்த இடத்தைப் படித்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். (1.5, 9): 3 + 9 = 12. யாருமே சொல்லாத சோடி, ஆனால் கோட்டுக்குத் தெரிந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ஆச்சரியம் வரும்.

பிறகு கோட்டை விட்டு வெளியே போங்கள். இதை யாரும் செய்வதில்லை, எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். (2, 3)இல் 2எக்ஸ் + ஒய் எவ்வளவு? 7. (1, 1)இல்? 3. (5, 6)இல்? 16. அந்த எண்களைப் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் தாளின் ஒரு பக்கம் முழுக்க 12க்குக் குறைவு, மறுபக்கம் முழுக்க 12க்கு மேல், நடுவில் கோடு மட்டும் சரியாக 12. அதுவரைக்கும் கோடு என்பது புள்ளிகளை இணைத்த அழகு. இதற்குப் பிறகு அது ஓர் எல்லை. பின்னால் அசமன்பாடு (12க்குக் குறைவு, 12க்கு மேல் என்கிற மாதிரிக் கணக்கு) நடத்தும்போது பாதி வேலை மிச்சம்.

நேர்கோடு சொன்ன கோழி, முயல் கணக்கு நல்ல கணக்கு. முதல் நாளைக்கு ஆகாது. தலை, கால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மறுபடியும் ஒரே விடை வேட்டைதான். போதாக்குறைக்கு அங்கே புள்ளிகளை இணைக்கவே முடியாது, அரை முயல் கிடையாதே. சில நாள் கழித்து எடுங்கள், அதுவும் கால் கணக்கை மட்டும். கோழிகளின் எண்ணிக்கை எக்ஸ், முயல்களின் எண்ணிக்கை ஒய்: 2எக்ஸ் + 4ஒய் = 94. முயல் 0 முதல் 23 வரை எதுவும் இருக்கலாம், ஆக 24 சோடிகள். பிள்ளைகளே எரிச்சலாகி "இன்னும் ஏதாவது சொல்லுங்க மிஸ்" என்று கேட்க வேண்டும். அப்போது தலை 35 என்று சொல்லுங்கள். இரண்டாவது சமன்பாடு கேட்டு வாங்கியதாக இருக்கட்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, "எல்லாமே கோழின்னா 70 கால், மிச்சம் 24, ஆக முயல் 12, கோழி 23" என்று ஒரே மூச்சில் போட்டுவிடும். அதைப் பாராட்டுங்கள். எழுத்துக் கணக்கு இல்லாமல் இது முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முடியும் என்று இப்போதுதான் அது காட்டியிருக்கிறது.

கணக்குப்புலி எழுதியது:

டீச்சர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா? நான் தீக்குச்சிச் சதுரத்தில் ஆரம்பிப்பேன். ஒட்டி ஒட்டி அடுக்கினால் 1 சதுரத்துக்கு 4 குச்சி, 2க்கு 7, 3க்கு 10. ஒய் = 3எக்ஸ் + 1. ஒரே பாடவேளையில் அட்டவணை, விதி, வரைபடம் மூன்றும் முடிந்துவிடும். கோட்டின் சாய்வுக்கும் அடித்தளம் போட்டாயிற்று.

பழைய கரும்பலகை எழுதியது:

சாய்வுக்கு அதைவிட நல்ல வழி இல்லை, நானும் அங்கே அதைத்தான் எடுப்பேன். ஆனால் அதில் பிள்ளை எக்ஸைக் கொடுத்து ஒய்யை வாங்குகிறது. ஒரு பக்கப் போக்குவரத்து. இரு மாறிச் சமன்பாட்டில் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன, யார் முதல் என்பதே கிடையாது. 2எக்ஸ் + ஒய் = 12இல் ஒய் 3 என்றால் எக்ஸ் என்ன என்று கேட்டால் 4.5 என்று கலங்காமல் சொல்ல வேண்டும். அடுக்கிய சதுரத்தில் 4.5 சதுரம் என்றால் பிள்ளை சிரிக்கும். நேரத்தைப் பற்றிச் சொன்னால், நான் எழுதியது இரண்டு பாடவேளை. அதை மிச்சம் பிடித்தவர்கள் பின்னால் கதைக்கணக்கில் அதற்கு மேல் செலவழிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கதைக்கணக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. "எக்ஸ் என்றால் கோழி" என்று எழுத விடாதீர்கள், "கோழிகளின் எண்ணிக்கை" என்று முழுசாக எழுத வையுங்கள். இது சும்மா கெடுபிடி இல்லை. ஒரு பேராசிரியருக்கு 6 மாணவர்கள், மாணவர் எண்ணிக்கை எஸ், பேராசிரியர் எண்ணிக்கை பி, சமன்பாடு எழுது என்று அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கேட்டுப் பார்த்து 1981இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் தவறு. பெரும்பாலும் 6எஸ் = பி என்றுதான் எழுதினார்கள். எஸ் = 6பி என்று வர வேண்டும். வாக்கியத்தில் 6க்குப் பக்கத்தில் மாணவர் நிற்பதால் சமன்பாட்டிலும் அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்: 12 மாணவர், 2 பேராசிரியர், தேறுமா?

புதுச்சாக்பீஸ் எழுதியது:

நன்றி டீச்சர். 2எக்ஸ் + ஒய் = 12 போட்டேன். நீங்கள் சொன்ன இடத்திலேயே வகுப்பு நின்றது. ஆனால் மைனஸ் வரவில்லை, ஒருவன் நேராக "ஒன்றரை, ஒன்பது" என்றான். இன்னொரு சிக்கல். எக்ஸ் = 3ஐ வரையச் சொன்னால் அச்சில் 3இன் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு முடிந்தது என்கிறார்கள். "ஒய்யே இல்லையே சார், எப்படி ரெண்டு மாறி ஆகும்?" என்றும் கேள்வி.

பழைய கரும்பலகை எழுதியது:

ஒன்றரை முதலில் வந்ததா! உங்கள் வகுப்பு என் வகுப்பைவிட ஒரு படி மேல்.

அவர்கள் வைத்த புள்ளி எண்கோட்டில் சரி. நாம் இப்போது தளத்தில் இருக்கிறோம், இங்கே எல்லாமே சோடி. 1எக்ஸ் + 0ஒய் = 3 என்று விரித்து எழுதி அதே விளையாட்டை ஆடுங்கள். (3, 0) தேறுமா? (3, 100)? (3, −2)? (4, 0)? ஒய்யின் கெழு, அதாவது அதற்கு முன்னால் நிற்கும் எண், 0. அதனால் ஒய் என்னவானாலும் சோதனைக்குக் கவலையில்லை, எக்ஸ் மட்டும் 3ஆக இருந்தால் போதும். ஆளுக்கொரு சோடி வைத்தால் நிமிர்ந்த கோடு தானாக நிற்கும்.

அது முடிந்ததும் ஒய் = 0 எந்தக் கோடு என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் ஒய் அச்சு என்பார்கள். விளக்கவே விளக்காதீர்கள், (5, 0) தேறுமா, (0, 5) தேறுமா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாக்பீஸை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.