கோயில் மடைப்பள்ளியிலை பாத்திரம் கழுவினது 40 மணித்தியாலத்துக்குள்ளை வருமோ?

தேர்வடம்:
பெற்றோர் குழுவிலை ஒருத்தர் "மடைப்பள்ளியிலை பாத்திரம் கழுவினது கனடா ஒன்ராறியோ ஹைஸ்கூலின்ரை 40 மணித்தியாலத் தொண்டுக்குள்ளை வராது" எண்டு அடிச்சுச் சொல்லிப் பிள்ளையளை வெருட்டி வைச்சிருக்கிறார். 30 பாடக் கிரெடிட் எடுத்தாலும் இந்த 40 இல்லாமல் டிப்ளோமா இல்லை. தெரியாமல் கதைக்கக்கூடாது. அன்னதானம் பரிமாறினாலும் பாத்திரம் கழுவினாலும் அது தொண்டுதான்.

மணிக்கூடு:
எழுதினது நான்தான். திரும்பவும் எழுதுறன். கல்வி அமைச்சின்ரை விலக்குப் பட்டியலிலை, வேலையிடத்திலை வழக்கமா ஒராள் சம்பளத்துக்குச் செய்யிற வேலை சேராது எண்டு கிடக்கு. பெரிய கோயில்களிலை மடைப்பள்ளிக்குச் சம்பள ஆள் இருக்கு. அவர் லீவு எண்டு அண்டைக்குப் பிள்ளையை நிப்பாட்டினால் அது ஓசி வேலை, தொண்டில்லை.

தேர்வடம்:
சம்பளம் சமைக்கிறவருக்கு. திருவிழாப் பந்திக்குக் கிடாரம் கழுவுறது எப்பவும் அடியார்தானே? அந்த வேலைக்கு ஆருக்குச் சம்பளம் குடுத்தது?

மணிக்கூடு:
திருவிழாவுக்கு மட்டும் எண்டு நீங்கள் இப்பதான் சொல்லுறியள். முதல் பதிவிலை அது இல்லை. கிழமை நாளிலை கழுவுறது ஆர்? சம்பள ஆள். அப்ப வராது.

மார்க்கம் அக்கா:
தம்பிமார், கிடாரத்தை விட்டிட்டு மற்றதையும் பாருங்கோ. உண்மையிலை பிழைக்கிறது வேறை இடத்திலை. சாரத்திலை ஏறிப் பந்தல் கட்டினால் வராது. மின்சாரத் துளைப்பான் பிடிச்சால், வாகனம் ஓட்டினால் வராது. நகை, பெறுமதியான பொருளுகள் கையாளுறதும் விலக்கு. அதாலை சாமிக்கு நகை சாத்த உதவினதை எழுதிப்போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். வீட்டிலை தம்பி தங்கச்சியைப் பாத்ததும் வராது. பாட நேரத்திலை செய்தது வராது, மத்தியான இடைவேளையிலை செய்தால் வரும். கிரேட் 8 முடிஞ்ச கோடையிலேயே தொடங்கலாம், ஆனால் 14 வயசு ஆகாத பிள்ளை வேலையிடத்திலை நிண்டால் பெரியவர் ஒராள் கூட நிக்கவேணும்.

படிவத்திலை "ஓகஸ்ட், 40" எண்டு ஒரே வரியிலை எழுதாதேங்கோ. ஒவ்வொரு நாளுக்கும் திகதி, நேரம், செய்த வேலை, மேற்பார்வை பாத்தவரின்ரை கையொப்பம், தொலைபேசி இலக்கம். அண்டண்டைக்கே வாங்குங்கோ. கிரேட் 12 வரைக்கும் வைச்சிருந்தால் கோயில் நிர்வாகசபை மாறியிருக்கும், புதுச் செயலாளர் தெரியாத வேலைக்குக் கையொப்பம் வைக்கமாட்டார்.

மணிக்கூடு:
அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் பாத்திரத்துக்குப் பதில் இல்லை. சம்பள ஆள் இருக்கோ இல்லையோ?

படலை:
அமெரிக்காவிலை மேரிலாந்திலை ஹைஸ்கூல் முடிக்கத் தொண்டு 75 மணித்தியாலம். இங்கை 40க்கு இவ்வளவு அழுகையோ? கொரோனாவாலை இங்கை 2019-20இலை முடிச்ச பிள்ளையளுக்கு முழுசா விட்டுக்குடுத்தினம், அடுத்த வருசம் 20 ஆக்கினம். அதோடை பழகிப்போச்சு.

தேர்வடம்:
மேரிலாந்துக் கதை ஆர் கேட்டது? அங்கை வகுப்புக்குள்ளையே பாடத்தோடை சேத்துச் செய்யிற திட்டமும் கணக்கிலை வரும். இங்கை பாட நேரம் விலக்கு. ரெண்டையும் ஒரே தராசிலை போடாதேங்கோ.

படலை:
2 மணித்தியாலம் நிண்ட பிள்ளைக்கு 10 எண்டு எழுதிக் குடுக்கிற சங்கங்களை முதல் கேளுங்கோ. அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை.

தேர்வடம்:
ஆரைச் சொல்லுறியள்? போன வருசச் சங்கத் தெரிவிலை தோத்த கோவத்தை இங்கை கொண்டு வராதேங்கோ.

மார்க்கம் அக்கா:
சந்தேகமெண்டால் தொடங்க முதலே பள்ளிக்கூடத்து கைடன்ஸ் கவுன்சிலரிட்டைக் கேட்டு, அனுமதிச்ச வேலைப் பட்டியலிலை இல்லாத வேலைக்கு அதிபரின்ரை அனுமதியை எழுத்திலை வாங்குங்கோ. செய்து முடிச்சிட்டுக் கேட்டால் மணித்தியாலம் போனது போனதுதான்.

மணிக்கூடு:
அனுமதி வாங்கவேணும் எண்டால், தானா வராது எண்டுதானே அர்த்தம்? நான் முதலே சொன்னது அதுதான்.

தேர்வடம்:
நீங்கள் சொன்னது "வராது" எண்டு. "கேட்டுச் செய்யுங்கோ" எண்டு இல்லை. மேலை போய் வாசியுங்கோ.

மணிக்கூடு:
வாசிச்சிட்டன். சம்பளத்துக்கு ஆள் இருந்தால் வராது.