மலேரியா மருந்து பிசிஓஎஸ்க்கு வேலை செய்யுதாமே, யாருக்காச்சும் விவரம் தெரியுமா?

செம்பூர்_பொண்ணு:
எனக்கு 27 வயசு, பிசிஓஎஸ்னு (ஆண் ஹார்மோன் கூடி பீரியட்ஸ் தள்ளிப் போற ஹார்மோன் கோளாறு) சொல்லி நாலு வருஷமா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை போடறேன், காலைல போட்டுட்டு மும்பை லோக்கல் ட்ரெயின் ஏறினா குர்லா தாண்டறதுக்குள்ள வயித்த கலக்கிடும். பீரியட்ஸ் இன்னும் ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டிதான். நேத்து அம்மா ஃபேமிலி குரூப்ல ஒரு செய்தி போட்டாங்க, சீனாவுல மலேரியா மாத்திரை குடுத்து இத "குணப்படுத்திட்டாங்களாம்". எங்க தெரு மெடிக்கல்ல மலேரியா மாத்திரை கேட்டா டாக்டர் சீட்டு இல்லாமலே குடுப்பான், அதான் கை துறுதுறுங்குது. நெஜமா?

லேப்_கோட்டு:
வாங்கிடாதீங்க சிஸ்டர். செய்தி பொய் இல்ல, "குணம்"ங்கறதுதான் பொய். 2024ல சயின்ஸ் பத்திரிகைல வந்துச்சு, ஷாங்காய் ஃபூடான் யுனிவர்சிட்டி ஆளுங்க பண்ணது. ஆர்ட்டிமிசினின் வகை மருந்து, து யூயூ அம்மாவுக்கு 2015ல நோபல் வாங்கிக் குடுத்துச்சே, அதே குடும்பம். நம்ம ஓவரில, அதான் சினைப்பைல, ஆண் ஹார்மோன் தயாராகறதுக்கு மொத படில ஒரு என்சைம் வேணும், இந்த மருந்து அந்த என்சைம செல்லுக்குள்ளயே சீக்கிரமா சிதைய வைக்குது, அதனால டெஸ்டோஸ்டீரோன்ங்கற அந்த ஆண் ஹார்மோன் கொறையுது. ஐடியா சூப்பர், ஏன்னா இப்ப நாம போடற எதுவும் அந்த எடத்துல போய் கை வைக்கறதில்ல. ஆனா மொத்தம் 19 பேருக்குத்தான் குடுத்தாங்க, 12 வாரம், அதுல 12 பேருக்கு பீரியட்ஸ் ஒழுங்காச்சு. டம்மி மாத்திரை குடுத்து ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப்பே இல்ல. நிறுத்தினப்பறம் எவ்ளோ நாள் தாங்கும், கர்ப்பம் தரிக்குமா, எல்லாம் இனிமேதான் பாக்கணும். இன்னொண்ணு, கடைல கெடைக்கறது கூட்டு மருந்து, மூணு நாளைக்கு போடறது, அத மாசக்கணக்குல முழுங்கினா என்ன ஆகும்னு யோசிங்க.

சயன்_அக்கா:
லேப் தம்பி சொல்றது சரி. நான் என் கதைய சொல்றேன்மா. 2014ல கொழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுத்தேன், முட்டை வெளிய வர வைக்கற குளோமிஃபீன் மாத்திரை குடுத்தாங்க, திடீர் திடீர்னு ஒடம்பெல்லாம் நெருப்பா எரியும், ஒண்ணும் நடக்கல. அதே வருஷம் அமெரிக்காவுல 750 பேர வெச்சு பண்ண ட்ரயல் வந்துச்சு, அதே வேலைக்கு லெட்ரோசோல்ங்கற இன்னொரு மாத்திரை போட்டவங்கள்ல 27.5 சதவீதம் பேருக்கு கொழந்தை பொறந்துச்சு, குளோமிஃபீன்ல 19.1தான். ஆனா நம்ம ஊர்ல 2011லேர்ந்து லெட்ரோசோல் கொழந்தையின்மைக்கு குடுக்கக் கூடாதுன்னு தடை, 2017லதான் எடுத்தாங்க. இப்ப பிசிஓஎஸ் இருந்து கொழந்தை வேணும்னா உலகம் பூரா அதுதான் மொதல் மருந்து! எனக்கு 2018ல அத போட்டு ரெண்டாவது மாசமே கரு நின்னுச்சு, வாலு இப்ப ஸ்கூல் போகுது. அதனால ஆராய்ச்சிய நம்பாதன்னு சொல்லல, ஆனா அந்த 750 பேர் ட்ரயல் மாதிரி ஒண்ணு இதுக்கும் வரட்டும்.

செம்பூர்_பொண்ணு:
அக்கா 😭 சரி வாங்கல. பிசிஓஎஸ்க்கு நல்லதுன்னு சொல்ற அந்த இனோசிட்டால் சப்ளிமென்ட் பவுடர் எப்படி? இன்ஸ்டால எல்லாரும் விக்கறாங்க.

லேப்_கோட்டு:
2023 சர்வதேச கைட்லைன்லயே ஆதாரம் கம்மின்னுதான் போட்டிருக்கு, பெருசா கெடுதலும் இல்ல, காசுதான் போகும். வயிறு கலக்கறதுக்கு மெட்ஃபார்மின் எக்ஸ்டெண்டட் ரிலீஸ், அதாவது மெதுவா கரையற மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டீங்களா? நாலு வருஷத்துல அவங்களே சொல்லிருக்கணும், எனக்கு அதுதான் கடுப்பு.

சயன்_அக்கா:
பரேல்ல கேஇஎம் ஆஸ்பத்திரி பக்கத்துல ஐசிஎம்ஆரோட (மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) இன்ஸ்டிட்யூட் இருக்கும்மா, பிசிஓஎஸ்க்குன்னே கிளினிக் வெச்சிருக்காங்க. போறதுக்கு முன்னாடி போன் போட்டு டைம் கேட்டுக்கோ, பழைய ஸ்கேன், சுகர் ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டு போ.

செம்பூர்_பொண்ணு:
ஸ்கேன் அம்மா பீரோல இருக்கு. எடுக்கப் போனா எதுக்குன்னு கேப்பாங்க, இந்த த்ரெட்டையே ஃபேமிலி குரூப்ல போட்டுடறேன்.