எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா: மூன்றையும் ஒரே தொகுதியாகக் கற்பிப்பது சரியா?

கேள்வி (பள்ளி ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பாவின் நிலப்படத்தை வகுப்பில் விளக்கும்போது, பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் உள்ள எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய மூன்றையும் ‘பால்டிக் நாடுகள்’ என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுவது என் வழக்கம். மூன்றின் பரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 1,75,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 60 இலட்சத்தைச் சற்றே தாண்டும். மலை என்று சொல்ல எதுவும் இல்லை. மூன்றிலும் மிக உயர்ந்த இடமான எஸ்டோனியாவின் சூர் முனமாகி குன்றின் உயரமே 318 மீட்டர்தான். மூன்றும் 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்ந்தன. மூன்றிலும் யூரோ புழங்குகிறது. இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து, “எல்லாமே ஒன்றுபோல இருந்தால் ஏன் டீச்சர் தனித்தனி நாடாக இருக்கிறார்கள்?” என்று கேட்டாள். அவளுக்கு நிறைவான விடை சொல்ல என்னால் இயலவில்லை. இந்நாடுகளை இணைப்பது எது, பிரிப்பது எது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மொழியியல் ஆய்வு மாணவர்)

மொழியைப் பார்த்தாலே அந்த மாணவிக்குப் பாதி விடை கிடைத்துவிடும். லிதுவேனிய மொழியும் லாட்விய மொழியும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சேர்ந்த உடன்பிறப்புகள். லிதுவேனியத்தில் நெருப்புக்கு ‘உக்னிஸ்’, கடவுளுக்கு ‘தியெவாஸ்’, ஆண்மகனுக்கு ‘வீராஸ்’, மகனுக்கு ‘சூனுஸ்’ என்று பெயர். அக்கினி, தேவன், வீரன் என்னும் வடசொற்களை அன்றாடம் கேட்கும் நம் மாணவர்களுக்கு, சமஸ்கிருதத்தோடு அம்மொழிக்குள்ள பழைய உறவை விளக்க இந்த நான்கு சொற்களே போதும்.

எஸ்டோனிய மொழியோ முற்றிலும் வேறு குடும்பம்; கடலுக்கு அப்பால் உள்ள பின்லாந்தின் மொழிக்கு நெருங்கிய உறவு. ‘மாயா’ என்றால் வீடு, ‘மாயாஸ்’ என்றால் வீட்டில், ‘மாயாஸ்ட்’ என்றால் வீட்டிலிருந்து. இப்படி 14 வேற்றுமைகள் அதில் உண்டு. சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் இத்தகைய ஒட்டுநிலை அமைப்பைக் கண்டுதான் 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல், திராவிட மொழிகளுக்கும் பின்னிய மொழி சார்ந்த குடும்பத்துக்கும் உறவு இருக்கலாம் என்று கருதினார். இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை.

சமயத்திலும் கோடு உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் விழுகிறது. 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வீரர்களும் வணிகர்களும் வந்து நிலைகொண்ட வடக்குப் பகுதி, பின்னர் பெரும்பாலும் சீர்திருத்தக் கிறித்தவப் பிரிவான லூத்தரன் திருச்சபையைத் தழுவியது. லிதுவேனியா தனக்கெனப் பெரும் அரசை அமைத்து, 1569இல் போலந்தோடு ஒன்றிணைந்து, கத்தோலிக்க நாடாக நிலைத்தது. ஆகவே மொழியால் லாட்வியா தெற்கோடும், சமயத்தால் வடக்கோடும் சேர்கிறது. லாட்வியாவுக்குள்ளேயே கிழக்கில் உள்ள லாட்கலே பகுதி கத்தோலிக்கம் என்பதையும் சொல்ல மறக்க வேண்டாம்.

மறுமொழி 2 (மின்துறைப் பொறியாளர்)

மேலே நண்பர் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் இவ்வளவு வேறுபட்ட மூன்றையும் ஒரு தொகுதியாக்கியது தொன்மையான உறவு அன்று. 20ஆம் நூற்றாண்டில் அவற்றுக்கு நேர்ந்ததே. ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் 1939 ஆகஸ்டு 23 அன்று செய்துகொண்ட இரகசிய உடன்பாட்டின் விளைவாக, மூன்றும் 1940இல் சோவியத் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டன. அந்நாளின் ஐம்பதாம் ஆண்டில், 1989இல், எஸ்டோனியத் தலைநகர் தாலினிலிருந்து லாட்வியத் தலைநகர் ரிகா வழியாக லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் கைகோத்து நின்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்றும் விடுதலை பெற்றன.

அரசியல் விடுதலைக்குப் பிறகும் கம்பிகளும் தண்டவாளங்களும் பழைய திசையிலேயே இருந்தன என்பதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். மின்கட்டமைப்பில் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை (மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவதை) நொடிக்கு நொடி சமன் செய்ய வேண்டும். அந்தச் சமன்செய்யும் பணி விடுதலைக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாஸ்கோவின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2025 பிப்ரவரி 8 அன்று மூன்று நாடுகளும் ஒருசேர அந்தத் தொடர்பைத் துண்டித்து, ஒரு நாள் தனித்தே இயங்கிக் காட்டி, மறுநாள் போலந்து வழியாக ஐரோப்பியக் கட்டமைப்பில் இணைந்தன. அன்றைய அதிர்வெண் வரைபடத்தை நான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொழிலில் நான் கண்ட பெரும் நிகழ்வுகளுள் அது ஒன்று.

ரயில் பாதையில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. சோவியத் காலத் தண்டவாளத்தின் அகலம் 1,520 மில்லிமீட்டர், போலந்தில் 1,435. தாலினையும் ரிகாவையும் லிதுவேனிய நகரான கவுனாஸையும் போலந்து எல்லையோடு இணைக்க, ‘ரயில் பால்டிகா’ என்னும் பெயரில் சுமார் 870 கிலோமீட்டர் புதிய பாதை அமைத்து வருகிறார்கள்.

பொருளாதாரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. எஸ்டோனியாவுக்கு மென்பொருளும் எரிபொருளாகப் பயன்படும் எண்ணெய்ப் பாறையும், லாட்வியாவுக்கு மரமும் துறைமுகங்களும், லிதுவேனியாவுக்குத் தொழிற்சாலைகளும் லேசர் கருவிகளும். 2009இல் மட்டும் மூன்றும் ஒன்றாகவே விழுந்தன. ஒரே ஆண்டில் பொருளாதாரம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சுருங்கியது. இளைஞர்கள் பலர் அப்போது மேற்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்கள்.

மறுமொழி 3 (ரிகாவில் படித்தவர்)

நான் ரிகாவில் இரண்டு ஆண்டுகள் படித்தேன். அங்குள்ள தேசிய நூலகத்தில் ஒரு மர அலமாரி இருக்கிறது. கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாட்விய நாட்டுப்பாடல்களைத் தொகுத்து அடுக்கி வைத்தது. எழுபது இழுப்பறைகளில், 3 சென்டிமீட்டருக்கு 11 சென்டிமீட்டர் அளவுள்ள காகிதத் துண்டுகளில், துண்டுக்கு ஒரு பாட்டு. பெரும்பாலும் நான்கே அடி. தாலாட்டு, கல்யாணம், கதிரறுப்பு, சாவு என வாழ்வின் வரிசையிலேயே அடுக்கியிருக்கிறார்கள். நம் பாட்டிமார் பாடியவற்றை யாராவது இப்படித் துண்டுதுண்டாக எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று அதன் முன் நின்று ஏங்கினேன்.

மூன்று நாடுகளையும் இணைப்பது எது என்று கேட்டால், நான் பாட்டைத்தான் சொல்வேன். எஸ்டோனியர்கள் 1869இலும், லாட்வியர்கள் 1873இலும், லிதுவேனியர்கள் 1924இலும் பெரும் சேர்ந்திசை விழாவைத் தொடங்கினார்கள். இன்றும் அவ்விழாக்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே மேடையில் நின்று பாடுகிறார்கள். சோவியத் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கூட்டம் கூடிப் பாடியதே போராட்டமாக இருந்ததால், அதற்குப் ‘பாடும் புரட்சி’ என்ற பெயரும் வந்தது. லாட்வியாவின் நடுக்கோடை விழா நாளான ஜூன் 23 அன்று, பத்து மணிக்கு மேல் சூரியன் மறையும் அந்த இரவில், ஆண்கள் கருவாலி இலை மாலையும் பெண்கள் பூமாலையும் தலையில் சூடி, சீரகம்போல் மணக்கும் விதை கலந்த பாலாடைக்கட்டியை உண்டு, விடியும்வரை தீ மூட்டிப் பாடுவதை நேரில் கண்டால் உங்கள் மாணவிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அங்கு வாழும் ரஷ்ய மொழியினரும் இந்தப் பாட்டுக்குள் அடங்குகிறார்களா?

மறுமொழி 2 (மின்துறைப் பொறியாளர்)

மூன்று நாடுகளும் மிகக் கூர்மையாகப் பிரியும் இடம் இதுவே. சோவியத் காலத்தில் தொழிற்சாலைகளுக்காகக் குடியேறியோரின் வழிவந்த ரஷ்யர்கள், எஸ்டோனியாவிலும் லாட்வியாவிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர். லிதுவேனியாவில் இருபதில் ஒருவர். லிதுவேனியா தன் மண்ணில் வாழ்ந்தோர்க்கெல்லாம் குடியுரிமைக்கு வழி திறந்தது. மற்ற இரண்டும் 1940க்கு முன் குடிமக்களாக இருந்தோர்க்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே தாமாக வழங்கின. ஏனையோர் மொழித்தேர்வு எழுதிப் பெற வேண்டியிருந்தது. பெறாதவர்களின் கையில் எந்த நாட்டுக் குடிமகன் என்றும் சொல்லாத கடவுச்சீட்டு இருந்தது. இன்றும் சிலரிடம் இருக்கிறது. லாட்வியாவில் அத்தகையோர்க்குப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தானாகவே குடியுரிமை கிடைக்கத் தொடங்கியது 2020இல்தான். எஸ்டோனியாவின் எல்லை நகரான நார்வாவில் பெரும்பான்மையோர் பேசுவது ரஷ்ய மொழி. அங்கே ஆற்றின் இக்கரையில் ஒரு கோட்டை, அக்கரையில் ரஷ்யாவின் கோட்டை. பேசும் மொழி இரு கரைகளிலும் ஒன்று. முடிந்தால் அந்தப் படத்தை வகுப்பில் காட்டுங்கள்.