சிரிக்க வைக்கும் நிகழ்ச்சியால் பாடம் பதியுமா?

கேள்வி (நான்கு வயதுச் சிறுவனின் தாய்):
வணக்கம். ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பழைய துணுக்குகள் என்றால் என் மகனுக்கு உயிர். குரோவர் என்னும் நீலப் பொம்மை கேமராவுக்கு அருகில் வந்து ‘இது கிட்டே’ என்றும், ஓடிப்போய் நின்று ‘இது தூரம்’ என்றும் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் களைத்து விழும்போது வயிறு வலிக்கச் சிரிக்கிறான். இதில் அவன் மனத்தில் நிற்பது பாடமா, வெறும் வேடிக்கையா? என் மாமியார் வேடிக்கைதான் என்கிறார்.

மறுமொழி (பாலர் பள்ளி ஆசிரியை):
குரோவர் களைத்து விழக் காரணமே கிட்டேயும் தூரமும்தான் என்பதால், அங்கே சிரிப்பையும் பாடத்தையும் பிரிக்க முடியாது. 1969 நவம்பரில் ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்பே இந்நிகழ்ச்சியைக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சில நொடிகளுக்கு ஒருமுறை படம் மாறும் திரையொன்றை வைத்து, குழந்தையின் பார்வை எப்போது அதன்பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டார். நிகழ்ச்சி நடக்கும் தெருவில் மனிதர்கள் மட்டுமே வந்த காட்சிகளில் கவனம் சிதறியது. பொம்மைகளையும் மனிதர்களையும் கலந்தால் குழந்தைகள் குழம்புவார்கள் என்று நிபுணர்கள் எச்சரித்திருந்தும், பிக் பேர்ட், ஆஸ்கர் என்னும் பொம்மைகள் அந்தத் தெருவில் குடியேறியது அதற்குப் பிறகுதான்.

மறுமொழி (ஒரு தந்தை):
ஆசிரியை சொல்வது சரி; ஆனால் கண் திரையில் இருப்பதனாலேயே பாடம் பதிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. பாடத்தோடு ஒட்டாத நகைச்சுவையில் குழந்தை நகைச்சுவையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கிண்டலாகத் தலைகீழாகச் சொன்னால் அதையே உண்மையென்று நம்பவும் கூடும். 1996இல் வந்த ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்னும் குழந்தைகள் நிகழ்ச்சி இதை நன்றாகக் கையாண்டது. கண்ணெதிரே இருக்கும் தடயம் தொகுப்பாளருக்கு மட்டும் தெரியாது; அவர் கேட்டுவிட்டுக் காத்திருப்பார்; பார்க்கும் குழந்தைகள் சிரித்துக்கொண்டே கத்துவார்கள். தனக்குத் தெரிந்தது பெரியவருக்குத் தெரியவில்லையே என்ற பெருமிதம்தான் அந்தச் சிரிப்பு. ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். பார்க்கப் பார்க்கப் பதில் சொல்லும் உற்சாகம் கூடியதே தவிரக் குறையவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். சகோதரி, நாளை தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, டம்ளரைக் கிட்டேயும் கரண்டியைத் தூரத்திலும் வைக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு அதைவிட நேரான விடை எங்கும் கிடைக்காது.

மறுமொழி (மற்றொரு தாய்):
மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். செசமி ஸ்ட்ரீட்டில் பெரியவர்களுக்கு மட்டுமே புரியும் நையாண்டிகளைச் சேர்த்தது அவர்களும் எழுந்து போகாமல் உடனிருந்து பேச வேண்டும் என்பதற்காகவே. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் பெரியவர்களோடு சேர்ந்து பார்ப்பது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. வீட்டில் இரண்டு வயதுக்கும் குறைந்த பிள்ளை இருந்தால் இதே பலனை எதிர்பார்க்காதீர்கள். திரையில் கண்டதை நேரில் பொருத்திப் பார்ப்பது அந்த வயதில் கடினம்.