ஊட்டி உறைபனியில் கேஸ் பாதியிலேயே நின்றுவிடுகிறது, ஏன்?

தலைகுந்தா டீக்கடை:
ஜனவரி காலை 5 மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் அரை மணி நேரத்தில் தீ சிறுத்துவிடுகிறது. 19 கிலோ சிலிண்டர், பெரிய பர்னர் இரண்டு. சிலிண்டரின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூக்கிறது; ஆட்டினால் உள்ளே தளும்புகிறது. மதியம் அதே சிலிண்டர் நன்றாக எரிகிறது. லீக்கா? வெந்நீர் ஊற்றலாமா?

குன்னூர் ஃபிட்டர்:
லீக் இல்லை அண்ணா. அந்த வெள்ளை, காற்றின் ஈரம் குளிர்ந்த இரும்பில் உறைந்தது. அது எதுவரை ஏறியிருக்கிறதோ, ஏறக்குறைய அதுவரைதான் உள்ளே திரவம் இருக்கிறது.

1 கிலோ கேஸ் ஆவியாக சுமார் 380 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைத் திரவமும் இரும்பும்தான் முதலில் கொடுக்கின்றன. 5 கிலோ மிச்சம் என்றால், இரண்டும் சேர்ந்து 1 டிகிரி குளிர்ந்தால் கிடைப்பது 20 கிலோஜூல் அளவே. வெளியிலிருந்து வெப்பம் வராவிட்டால் 1 கிலோ எரிவதற்குள் 19 டிகிரி இறங்கிவிடும். விடியற்காலை 3 டிகிரியில் தொடங்கினால் எங்கே போய் நிற்கும், பாருங்கள். குளிரக் குளிர திரவம் ஆவியாவது குறையும், அதனால்தான் தீ சிறுக்கிறது. திரவம் குறையக் குறைய அது தொடும் இரும்புப் பரப்பும் குறைவதால், கடைசிக் கால்பங்கில்தான் தொல்லை அதிகம்.

வெந்நீர், தீ, ஹீட்டர் எதுவும் வேண்டாம். படுக்க வைக்கவும் கூடாது, திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். இரண்டு சிலிண்டரை மேனிஃபோல்டில் (பல சிலிண்டர்களின் கேஸை ஒன்றுசேர்க்கும் குழாய்) இணைத்து இரண்டையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். ஒவ்வொன்றும் பாதி கேஸ்தான் தரும், குளிர்வதும் பாதியாகும்.

இயற்பியல் ஆசிரியர்:
ஒன்று சேர்க்கிறேன். சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் கலவை. புரொப்பேன் -42 டிகிரியில் கொதிக்கும், அதனால் அதுதான் முந்திக்கொண்டு வெளியேறும். அடியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். சமவெளியில் அதன் கொதிநிலை -0.5. ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அது -7 பக்கம் வரும். அந்த ஆறேழு டிகிரி உங்களுக்கு லாபம்தான், ஆனால் ரெகுலேட்டருக்கு வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும்.

தலைகுந்தா டீக்கடை:
சிலிண்டர் இப்போது வெளியே சிமெண்ட் தரையில் நிற்கிறது. உள்ளே வைக்கட்டுமா?

குன்னூர் ஃபிட்டர்:
வேண்டாம். வெளியிலேயே, பனி நேராக விழாதபடி கூரைக்கடியில், மரப்பலகை மேல் நிறுத்துங்கள். மூடிய பெட்டி ஆகாது. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். மேனிஃபோல்டு மாட்டியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, வெயில் ஏறியபின் மறுதடவை. குளிரில் வாஷர் விறைப்பதால் சில லீக் காலையில்தான் தெரியும்.