வெந்நீர் வேண்டாம் தம்பி

போன பெரிய வியாழனன்று எங்கள் பங்குக் கோவிலில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் பாதம் கழுவும் சடங்குக்கு உட்கார்ந்த 12 பேரில் நானும் ஒருவன். வீட்டிலேயே சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் போனேன். மற்ற 11 பேரும் அப்படித்தான், விசாரித்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அத்தை கூப்பிட்டார். ஓய்வுபெற்ற நர்ஸ், வாராவாரம் ஒரு தொழுநோய் இல்லத்துக்குப் போவார். அங்கே இருப்பவர்கள் மருந்து முடித்துக் குணமானவர்கள். கிருமி போய்விட்டது, பாதத்தில் போன உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. முள் குத்தினாலும் தெரியாமல் நடப்பார்கள், புண்ணாகும். நோய்தான் சதையைத் தின்கிறது என்று நினைத்திருந்த காலத்தில், 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், இந்த மரத்துப்போன தன்மைதான் காயத்துக்குக் காரணம் என்று காட்டினாராம். அத்தை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பாதிதான் கேட்டேன்.

முழுசாகக் கேட்டிருக்கலாம். ஒரு தாத்தாவுக்கு இதமாக இருக்கட்டுமே என்று வெந்நீர் கலந்து பேசினைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் குனிந்து முழங்கையால் தொட்டுப் பார்த்தார். "வெந்நீர் வேண்டாம் தம்பி. வெந்தே போனாலும் என் காலுக்குத் தெரியாது" என்றார். கோபமே இல்லை. பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தேன். 20 நிமிடம் ஊறணும், காய்த்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்க்கணும், ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவணும். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். சேவை செய்யப் போனவன் நான்.

* * *

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் பணிவிடை செய்யப் போனவர், நான் வாங்கியவள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம் சபையிலிருந்து நிறையப் பேர் வந்து ஜெபித்தார்கள். அத்தனை பேருக்கும் என் மாமியார் காபி போட்டார், பாவம். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் மட்டும் நேராகப் பின்கட்டுக்குப் போய், அந்த டம்ளர்களோடு முதல் நாள் பாத்திரத்தையும் சேர்த்துத் துலக்கினார். எனக்கோ கூச்சம். "விடுங்கக்கா" என்றேன். "இயேசு பாதம் கழுவ வந்தபோது பேதுருவும் இதைத்தான் சொன்னார்" என்று சிரித்தபடி சாம்பார்ச் சட்டியை எடுத்தார்.

சரி, அந்தத் தாத்தாவைத் திரும்பப் பார்த்தீர்களா?

* * *

மூன்று வாரமாகப் போகிறேன் அக்கா. இன்னமும் முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறார்.